‘அந்தக் கையால் எதையும் தூக்காதே’: மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்குப் பின் மலைப் பெண்களுக்கு எந்தப் பயிற்சி, எவ்வளவு?

மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து கோயம்புத்தூரிலிருந்து நீலகிரிக்குத் திரும்பும் பெண்ணுடன், மருந்துச் சீட்டோடு சேர்ந்து ஓர் அறிவுரையும் மலையேறி வருகிறது: “அந்தக் கையால் எதையும் தூக்காதே.” மருத்துவமனையில் யாராவது சொல்லியிருப்பார்கள், இல்லையென்றால் பக்கத்துப் படுக்கைக்காரர் சொல்லியிருப்பார். வீட்டுக்கு வந்ததும் மாமியார், நாத்தனார், லைன் வீட்டுக்காரர்கள் என்று ஆளாளுக்கு அதை வழிமொழிவார்கள். குடம் எடுக்காதே, துணி பிழியாதே, ஓரமாக உட்கார். ஆறு மாதம், எட்டு மாதம் கழித்து அதே பெண் கொழுந்துப் பையை முதுகில் மாட்டிக்கொண்டு தேயிலைச் சரிவில் நிற்கிறார். வீட்டில் உலை கொதிக்க வேண்டுமே. முழு ஓய்வுக்கும் முழுச் சுமைக்கும் நடுவில் படிப்படியாக எதுவும் நடந்திருக்காது.

சிகிச்சையின் பக்கவிளைவுகளில் பலவும் இந்த இடைவெளியில்தான் முற்றுகின்றன. தோள் இறுகிப்போவது, கை வீங்குவது, தூங்கி எழுந்தும் தீராத அசதி, மூட்டு வலி எல்லாவற்றுக்கும் மருந்துக் கடையில் தீர்வு தேடுகிறோம். கடந்த இருபத்தைந்து, முப்பது ஆண்டுகளில் நடந்த ஆய்வுகளோ, இவற்றில் பலவற்றுக்கு முறையான உடற்பயிற்சியே நல்ல மருந்து என்று மேலும் மேலும் உறுதியாகச் சொல்லிவருகின்றன. மலையில் வாழும் பெண்களிடம் இதைச் சொன்னால் ஒரு சிரிப்புத்தான் பதிலாக வரும்: “நாங்கள் ஏறி இறங்காத ஏற்றமா? எங்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?” நியாயமான கேள்விதான். அதற்குப் போகும் முன் அந்தப் பழைய எச்சரிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடலாம்.

அது வெறும் வாய்வழி நம்பிக்கையில்லை. மார்பகத்தில் தோன்றும் புற்று பெரும்பாலும் முதலில் எட்டிப் பார்க்கும் இடம் அக்குளில் உள்ள நிணநீர் முடிச்சுகள். அதனால் அவற்றை எடுத்துச் சோதிக்கிறார்கள். நோய் பரவியிருந்தால் கூட்டமாகவே அகற்றுகிறார்கள். கையின் திசுக்களில் ஊறும் நிணநீர் திரும்பிப் போகும் வழியும் அதுதான். வழி குறுகியதும் நீர் தேங்கிக் கை வீங்கலாம். அக்குள் முடிச்சுகளை மொத்தமாக அகற்றிக்கொண்டவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இந்த வீக்கம் வருகிறது. முதல் ஒன்றிரண்டு முடிச்சுகளை மட்டும் எடுத்துப் பார்க்கும் புதிய முறையில் இருபதில் ஒருவருக்கு என்ற அளவுக்குக் குறைந்திருக்கிறது. எடை தூக்கினால் கைக்கு ரத்த ஓட்டம் கூடும், அதோடு நீரும் கூடும், வடிய வழியில்லாத கை வீங்கும் என்று மருத்துவர்கள் கணக்குப் போட்டார்கள். கேட்பதற்குச் சரியாகத்தான் இருந்தது. யாரும் அதைச் சோதித்துப் பார்க்கவில்லை என்பதுதான் குறை.

சோதித்தது கனடாவில். 1996-இல் வான்கூவர் நகரில் டான் மெக்கென்சி என்ற விளையாட்டு மருத்துவர், மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற 24 பெண்களைச் சேர்த்து டிராகன் படகு துடுப்புப் போடும் அணி ஒன்றை உருவாக்கினார். துடுப்புப் போடுவதைவிடக் கைக்கும் தோளுக்கும் கடுமையான வேலை அதிகம் இல்லை. எல்லோருக்கும் கை வீங்கியிருக்க வேண்டும். பழைய கணக்கு அப்படித்தான் சொன்னது. யாருக்கும் புதிதாக வீங்கவில்லை. இருபத்து நான்கு பேரை வைத்து எதையும் நிரூபித்துவிட முடியாதுதான். ஆனால் கேள்வி எழுந்துவிட்டது.

உறுதியான பதில் 2009-இல் வந்தது. அமெரிக்காவில் கேத்ரின் ஷ்மிட்ஸ் தலைமையிலான குழு, ஏற்கெனவே கை வீங்கியிருந்த 141 பெண்களை இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு வாரம் இரண்டு முறை எடைப் பயிற்சி. மறு பாதிக்கு வழக்கமான வாழ்க்கை. ஓராண்டு கழித்துப் பார்த்தால் எடை தூக்கியவர்களுக்கு வீக்கம் கூடவில்லை. வீக்கம் திடீரென்று மோசமாவது வழக்கம்போல் இருந்தவர்களில் 29 சதவீதம் பேருக்கு நேர்ந்தது. பயிற்சி செய்தவர்களில் 14 சதவீதம் பேருக்குத்தான். அடுத்த ஆண்டு அதே குழு, வீக்கம் இன்னும் வராத 154 பெண்களிடம் இதையே செய்து பார்த்தது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்ட முடிச்சுகளை இழந்தவர்களில், பயிற்சி செய்யாதவர்களில் 22 சதவீதம் பேருக்கு வீக்கம் வந்தது. செய்தவர்களில் 7 சதவீதம்.

காரணம் அவ்வளவு மர்மமானதில்லை. ரத்தத்தைத் தள்ள இதயம் இருக்கிறது. கையின் நிணநீரை நகர்த்துவதில் பெரும்பங்கு தசைகளுடையது. தசை சுருங்கி விரியும்போது நீர் நகரும். அசைக்காமல் வைத்த கையில் அது தேங்கும். மேலும் மாதக்கணக்கில் வேலை செய்யாத கையின் தசை மெலிந்துவிடுகிறது. பிறகு ஒரு நாள் அவசரத்துக்கு அரிசி மூட்டையை நகர்த்தினால், அந்தக் கைக்கு அது தாங்காத பாரமாகிறது. எடைப் பயிற்சியின் நோக்கமே அன்றாடச் சுமைக்கும் கையின் பலத்துக்கும் நடுவே கொஞ்சம் மிச்சம் வைப்பதுதான்.

இங்கே ஓர் அடிக்குறிப்பு அவசியம். அந்த ஆய்வுகளில் பெண்கள் எடையே இல்லாமல், அல்லது மிகச் சிறிய எடையோடு தொடங்கினார்கள். முதல் 13 வாரங்கள் பயிற்றுநர் பக்கத்தில் நின்றார். கையில் எந்த மாற்றமும் தெரியாவிட்டால்தான் எடை கூடியது, அதுவும் மிகச் சிறிய அளவில். வீக்கம் இருந்தவர்கள் அளவெடுத்துத் தைத்த இறுக்க உறையைக் கையில் அணிந்திருந்தார்கள். “எடை தூக்கலாம் என்று நிரூபித்துவிட்டார்கள், நாளை காலை பையை மாட்டு” என்று இதை யாராவது புரிந்துகொண்டால், அது பழைய எச்சரிக்கையைவிட மோசமான அறிவுரை.

“எங்களுக்கு எதற்குத் தனியாகப் பயிற்சி?” என்ற கொழுந்து பறிப்பவரின் கேள்விக்கும் இங்கேதான் பதில் இருக்கிறது. தோட்ட வேலையில் அளவைத் தீர்மானிப்பது தேயிலைச் செடி. மழைக்குப் பிறகு கொழுந்து தள்ளும் காலத்தில் பை பத்துக் கிலோவைத் தாண்டும்வரை நிறுவைக்குப் போக மாட்டார்கள். கை நோகிறது என்று செடி காத்திருக்காது, மேஸ்திரியும் காத்திருக்க மாட்டார். பயிற்சியில் அளவைத் தீர்மானிப்பது உடம்பு: இன்று அரைக் கிலோ, பத்து முறை, நாளை மறுநாள் கை எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு. வேலை ஒரே அசைவைத்தான் ஆயிரம் முறை கேட்கிறது. கொழுந்து கிள்ளும்போது கை இடுப்புக்கும் நெஞ்சுக்கும் நடுவிலேயே இருக்கிறது. இப்போது பல தோட்டங்களில் புழங்கும் கத்தரியைப் பிடித்தால் இரண்டு கைகளும் நெஞ்சுக்கு நேரே நீண்டபடி மணிக்கணக்கில் இறுகியிருக்கும். தோள் முழு வட்டத்துக்கும் விரியும் வேலை அதில் கிடையாது. அறுவை சிகிச்சைக்குப் பிறகு முதலில் பறிபோவது அந்த முழு வட்டம்தான். நாள் முழுவதும் உழைத்துவிட்டு, தலைக்கு மேல் கையைத் தூக்கிச் சேலைத் தலைப்பைச் சரிசெய்ய முடியாத பெண்கள் இருப்பது இதனால்தான்.

தோளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் ஒரு கெடு இருக்கிறது. அறுவைக்குப் பின் பலருக்குக் கதிர்வீச்சு தேவைப்படும்; ஊரில் ‘கரண்ட் வைப்பது’ என்பார்கள். அந்த மேசையில் கையைத் தலைக்கு மேல் உயர்த்தி அசையாமல் படுக்க வேண்டும். தோள் அதற்கு வராவிட்டால் சிகிச்சையே தள்ளிப்போகும். மூன்று வாரம் போல நாள்தோறும் போக வேண்டிய சிகிச்சை என்பதால், மலையிலிருந்து போகிறவர்கள் கோயம்புத்தூரில் உறவினர் வீட்டிலோ வாடகை அறையிலோ தங்குகிறார்கள். அங்கே போய்த் தோள் விரியவில்லை என்று திரும்பி வருவது பணத்துக்கும் கேடு, நோய்க்கும் கேடு.

அதனால் பயிற்சி அறுவைக்கு மறுநாளே தொடங்குகிறது. பெரிதாக ஒன்றுமில்லை: விரல்களை மூடித் திறப்பது, மணிக்கட்டைச் சுழற்றுவது, முழங்கையை மடக்கி நீட்டுவது, தோள்களை மெல்ல உருட்டுவது, ஆழ்ந்து மூச்சிழுப்பது. கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்துக்கொள்வது. காயத்தின் ஓரத்தில் வைத்திருக்கும் வடிகுழாயை எடுக்கும்வரை கையைத் தோள்மட்டத்துக்கு மேல் தூக்க வேண்டாம் என்பது பொதுவான வழக்கம். அதற்கு முன் அவசரப்பட்டால் நீர் கோத்துக் காயம் ஆறுவது தாமதமாகலாம். குழாய் எடுத்து, மருத்துவர் சரி என்றதும் தோளை விரிக்கும் பயிற்சிகள்.

இங்கிலாந்தில் 17 மருத்துவமனைகளில் 392 பெண்களை வைத்து நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இந்த இடத்தில் முக்கியமானது. தோள் பாதிக்கப்படும் வாய்ப்பு அதிகம் என்று கருதப்பட்டவர்களை மட்டும் அதில் சேர்த்தார்கள். ஒரு பகுதியினருக்குப் பயிற்சித் தாள்களைக் கையில் கொடுத்து அனுப்பினார்கள். மற்றவர்களுக்கு இயன்முறை மருத்துவர், அறுவை முடிந்து ஏழு முதல் பத்து நாளில் தொடங்கி, நேரில் சொல்லிக்கொடுத்துத் தொடர்ந்து கவனித்தார். ஓராண்டு கழித்துக் கையின் இயக்கம், வலி இரண்டிலும் இரண்டாம் பிரிவினர் தெளிவாக நல்ல நிலையில் இருந்தார்கள். நம் மருத்துவமனைகள் பலவற்றில் இன்றும் கொடுக்கப்படுவது தாள்தான். அதுவும் சில நேரம் ஆங்கிலத்தில்.

குன்னூருக்குக் கீழே ஒரு தோட்டத்து லைன் வீட்டில் இந்தப் பயிற்சி நடப்பதைப் பார்த்திருக்கிறேன். நீலம் பூசிய சுவர். அதன்மேல் பென்சிலால் சின்னச் சின்னக் கோடுகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் தேதி. எழுதியது பள்ளியில் படிக்கும் மகள். அம்மா சுவரைப் பார்த்து ஒரு முழத் தூரத்தில் நின்று, ஆள்காட்டி விரலையும் நடு விரலையும் சுவரில் வைத்து ஒன்று மாற்றி ஒன்றாக மேலே ஏற்றுகிறார். தோளுக்கு நேராக வந்ததும் முகம் சுளிக்கிறது. உடனே உடம்பு ஒரு தந்திரம் செய்கிறது: கையைத் தூக்க முடியாத குறைக்குத் தோள்பட்டையைக் காதுவரை உயர்த்திக்கொள்கிறது. மகள் பின்னால் நின்று அந்தத் தோளை உள்ளங்கையால் மெல்ல அழுத்திப் பிடிக்கிறாள். அப்போது தெரிகிறது உண்மையான உயரம். நேற்றைய கோட்டுக்கு இரண்டு விரல் கீழே. வலி என்று சொல்லும் இடத்தில் நிறுத்தி, ஐந்தாறு மூச்சு அங்கேயே நின்று, விரல்களாலேயே இறங்குகிறார். கையைப் பொத்தென்று போடுவதில்லை. தினம் மூன்று வேளை. கோடுகள் ஒரே சீராக ஏறவில்லை. சில நாள் கீழே, கீமோ போட்ட வாரத்தில் கோடே இல்லை. ஆனால் கடைசிக் கோடு காலண்டர் ஆணிக்கு மேலே இருந்தது.

இந்த வாரங்களில் சிலருக்கு அக்குளிலிருந்து முழங்கைவரை தோலுக்கடியில் கயிறு போல ஒன்று இழுத்துப் பிடிக்கும். கையை நீட்டினால் தந்தி மாதிரி எழும்பி நிற்கும். நோய் திரும்பிவிட்டது என்று நடுங்கிப்போய்க் கையை மடக்கியே வைத்துக்கொள்வார்கள். அறுந்துபோன நிணக்குழாய்கள் தடித்துச் சுருங்குவதால் வருவது அது. பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ மறைந்துவிடும். மெல்ல இழுத்து நீட்டும் பயிற்சிகள்தான் அதற்கு வேண்டியவை, கையை மடக்கி வைப்பதில்லை. மருத்துவரிடம் ஒரு முறை காட்டி உறுதிசெய்துகொண்டால் பயம் போய்விடும்.

அசதி வேறு விதமான எதிரி. கீமோ எடுப்பவர்களின் அசதி உழைப்பின் அசதி மாதிரி ஓய்வுக்கு அடங்காது. படுக்கப் படுக்க அதிகமாகும். படுத்தால் தசை கரைகிறது, தசை கரைந்தால் குளியலறைக்கு நடப்பதும் மலையேற்றமாகிறது, அதனால் மீண்டும் படுக்கிறோம். 2017-இல் 113 ஆய்வுகளை ஒன்றாக வைத்து எடைபோட்ட ஒரு பெரிய அலசல், புற்றுநோய் அசதிக்கு மாத்திரைகளைவிட உடற்பயிற்சியும் மனநல ஆலோசனையும் கூடுதலாக உதவுகின்றன என்று கண்டது. 2019-இல் அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி என்ற வல்லுநர் அமைப்பு பன்னாட்டு வல்லுநர்களைக் கூட்டி வெளியிட்ட பரிந்துரை இன்னும் துல்லியமாக அளவே சொல்கிறது: மிதமான வேகத்தில் வாரம் மூன்று முறை, முறைக்கு அரை மணி நேரம் நடை போன்ற பயிற்சி, அத்துடன் வாரம் இரண்டு முறை தசைப் பயிற்சி, எட்டு முதல் பன்னிரண்டு வாரங்கள். அசதி, பதற்றம், மனச்சோர்வு, அன்றாட வேலை செய்யும் திறன் எல்லாவற்றுக்கும் இந்த அளவே பலன் தருகிறது. 2022-இல் அமெரிக்கப் புற்றுநோய் மருத்துவர்களின் சங்கமும், குணப்படுத்தும் நோக்கோடு சிகிச்சை நடக்கும்போதே பயிற்சியைப் பரிந்துரைக்கும்படி மருத்துவர்களிடம் சொல்லிவிட்டது.

‘மிதமான வேகம்’ என்பது சமவெளிக்காரர்களுக்கு எளிது. மலையில் எது மிதம்? உதகை கிட்டத்தட்ட 2,200 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குக்குச் சற்று மேல். இங்கேயே வாழும் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். ஆனால் கீமோவால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கிய உடம்பு, அதுவும் சில வாரங்கள் கோயம்புத்தூரில் தங்கிவிட்டுத் திரும்பிய உடம்பு, பழைய கணக்கில் நடக்காது. நோய்க்கு முன் பேசிக்கொண்டே ஏறிய படிக்கட்டில் இப்போது பாதியில் நிற்க வேண்டியிருக்கும். அதனால் தூரத்தையும் நேரத்தையும் விட்டுவிட்டு மூச்சை அளவாக வைத்துக்கொள்வது நல்லது. நடக்கும்போது பக்கத்தில் வருபவரிடம் முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், பாட்டுப் பாட முடியக் கூடாது, அதுதான் மிதம். வாக்கியம் நடுவில் உடைந்தால் ஏற்றம் அதிகம்.

தேயிலைத் தோட்டத்துப் பாதைகளில் ஒரு வசதி இருக்கிறது. லாரி போகும் பாதைகள் பல இடங்களில் மலையின் இடுப்பைச் சுற்றியே வெட்டப்பட்டிருக்கும், அதிக ஏற்ற இறக்கம் இருக்காது. குறுக்குப் படிகளை விட்டுவிட்டு அந்தப் பாதையில் பத்து நிமிடம் போய்த் திரும்புவதிலிருந்து தொடங்கலாம். கீமோ போட்ட மூன்று நாள் ஐந்து நிமிடம்கூடப் போதும். அந்த வாரத்தில் பயிற்சியின் பலன் பலத்தில் தெரியாது, படுக்கையை விட்டு எழுந்ததிலேயே இருக்கிறது. பனி உறையும் டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளில் போக வேண்டிய அவசியமும் இல்லை. வெயில் ஏறிய பிறகு போகலாம், கதிர்வீச்சு பட்ட தோலை மூடிக்கொண்டு. உயரத்தில் வெயில் குளிர்ச்சியாகத் தோன்றினாலும் தோலைச் சுடும்.

மலையில் ஓர் ஆபத்தும் உண்டு. டாக்ஸோரூபிசின், டிராஸ்டுசுமாப் போன்ற மருந்துகள் சிலரது இதயத்தைப் பலவீனப்படுத்தும். இதயம் தளர்வதன் முதல் அறிகுறி ஏறும்போது மூச்சு வாங்குவது. சமவெளியில் இருப்பவர் அதை உடனே கவனிப்பார். இங்கே, “ஏற்றம்தானே, மூச்சு வாங்காமல் என்ன செய்யும்” என்று தள்ளிப்போடுவோம். போன வாரம் நிற்காமல் ஏறிய இடத்தில் இந்த வாரம் நிற்க வேண்டியிருந்தால், கால் வீங்கியிருந்தால், படுத்தால் மூச்சு முட்டினால், பயிற்சியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். காய்ச்சல் இருக்கும் நாளிலும், ரத்தத் தட்டணுக்கள் மிகவும் குறைந்திருப்பதாகச் சோதனை சொல்லும் நாட்களிலும் எடைப் பயிற்சி வேண்டாம். நோய் எலும்புக்குப் பரவியவர்கள் எந்த எலும்பு, எவ்வளவு என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் தூக்கக் கூடாது; அவர்களுக்கும் பயிற்சி உண்டு, ஆனால் அதை வகுப்பவர் தெரிந்தவராக இருக்க வேண்டும்.

இறக்கத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பாக்லிடாக்ஸெல் போன்ற மருந்துகள் பாதத்து நரம்புகளைத் தாக்கும்; பாதம் மரத்து, பஞ்சுமேல் நடப்பதுபோல் இருக்கும். தரை எங்கே இருக்கிறது என்று கால் சொல்லாதபோது மழையில் நனைந்த கல்படியில் இறங்குவது ஏறுவதைவிட ஆபத்து. நரம்பு மரப்பை உடற்பயிற்சி முழுதாகத் தடுத்துவிடும் என்று மார்பகப் புற்றுநோய் மருந்துகளைப் பொறுத்தவரை இன்னும் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் சமநிலைப் பயிற்சி விழாமல் இருக்க உதவும். ஜன்னல் கம்பியைத் தொட்டபடி ஒற்றைக் காலில் நிற்பது, பிறகு விரல் நுனியால் மட்டும் தொட்டுக்கொண்டு நிற்பது, குதிகாலையும் விரலையும் ஒட்டி வைத்து நேர்கோட்டில் நடப்பது: சமையல் வேகும் நேரத்தில் செய்துவிடலாம். பிடிமானமுள்ள செருப்பு, கையில் ஒரு கோல். ரப்பர் செருப்போடு இறங்க வேண்டாம்.

பெரிய சிகிச்சைகளெல்லாம் முடிந்த பிறகு தொடங்கும் ஐந்தாண்டு, பத்தாண்டு மாத்திரைக் காலத்தை நாம் குறைத்தே மதிப்பிடுகிறோம். மாதவிலக்கு நின்ற பெண்களுக்குக் கொடுக்கும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் மாத்திரைகள் ஈஸ்ட்ரோஜனை அடிமட்டத்துக்கு இறக்கிவிடுகின்றன. நோய் திரும்பாமல் இருக்க அது தேவை. ஆனால் மூட்டெல்லாம் பிடித்துக்கொள்கிறது, எலும்பு தேய்கிறது. காலையில் விரல்களை மடக்க முடியாமல், இதுவும் மலைக் குளிரின் வேலை என்று நினைத்து, ஒரு நாள் மாத்திரையையே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. அமெரிக்காவில் இப்படி மூட்டு வலியால் அவதிப்பட்ட 121 பெண்களிடம் நடத்தி 2015-இல் வெளியிட்ட ஆய்வில், வாரம் இரண்டு முறை தசைப் பயிற்சியும் வாரத்துக்கு 150 நிமிட நடையும் ஓராண்டு செய்தவர்களின் உச்ச வலி 29 சதவீதம் குறைந்தது. செய்யாதவர்களுக்குக் குறையவே இல்லை. வலி தாங்கும் அளவில் இருந்தால் மாத்திரை தொடரும். எலும்புக்கும் நடையைவிட எடைப் பயிற்சிதான் ஈடுகொடுக்கும். ஓர் ஆண்டாவது விடாமல் செய்தால்தான் அளவில் தெரியும்.

யோகாவைக் கேட்பார்கள் என்று தெரியும். தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் அசதிக்கும் அது உதவுவதை ஆய்வுகள் காட்டுகின்றன. விருப்பமிருந்தால் தாராளமாகச் செய்யலாம். கைகளை ஊன்றி முழு உடம்பையும் தாங்கும் ஆசனங்களைக் கடைசிக்குத் தள்ளி வைக்கலாம். ஆனால் யோகா மட்டும் எலும்பையும் தசையையும் பார்த்துக்கொள்ளும் என்று நம்ப எனக்குத் தயக்கம். பயிற்சி புற்றையே கரைக்கும் என்று சொல்பவர்களிடமிருந்து கொஞ்சம் விலகியே இருக்க வேண்டும். சிகிச்சையைத் தாங்கவும் அதன் தழும்புகளோடு வாழவும் அது உதவுகிறது என்பது உறுதியான செய்தி. கீமோ நடக்கும்போது தசைப் பயிற்சி செய்தவர்கள் திட்டமிட்ட மருந்தளவை அதிகமாக முடித்தார்கள் என்று 2007-இல் ஒரு கனடிய ஆய்வு சொன்னது. பின்னால் வந்தவை எல்லாமே அதை அப்படியே ஆமோதிக்கவில்லை. அதற்கு அப்பால் பெரிய வாக்குறுதிகள் வேண்டாம்.

எடைப் பயிற்சிக்கு உடற்பயிற்சிக் கூடம் தேவையில்லை. அதே குன்னூர் வீட்டில் துணிப் பையில் அரைக் கிலோ துவரம் பருப்பைப் போட்டு முழங்கையை மடக்கி நீட்டினார்கள். இரண்டு வாரம் கையில் கனமோ இறுக்கமோ தெரியாததால் முக்கால் கிலோ. நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, பழைய சைக்கிள் டியூப்பை ஜன்னலில் கட்டி இழுப்பது இவை போதும். இடையில் ஒரு நாளாவது விட்டு, வாரம் இரண்டு முறை. மூன்று விதிகள்தான்: மெல்லத் தொடங்கு, ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கூட்டு, இடையில் இரண்டு மூன்று வாரம் நின்றுபோனால் பழைய எடைக்கே போகாமல் கீழிருந்து தொடங்கு. மூன்றாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். திருவிழா, கல்யாணம், மழை என்று நின்றுவிட்டு விட்ட இடத்தில் பிடிக்கும்போதுதான் கை வீங்குகிறது.

மாதம் ஒரு முறை தையல்காரரின் டேப்பால் இரண்டு கைகளையும் ஒரே இடங்களில் அளக்க வேண்டும்: மணிக்கட்டு, முழங்கைக்குக் கீழே நான்கு விரல், மேலே நான்கு விரல். இரு கைகளுக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் வேறுபாடு புதிதாக வந்தால், அல்லது மோதிரமும் வளையலும் திடீரென்று இறுகினால் காட்டிவிட வேண்டும். தொடக்கத்தில் இறுக்க உறையும் பயிற்சியும் போதும். முற்றினால் நீண்ட சிகிச்சை. தென்மேற்குப் பருவமழையில் நனைந்த உறையோடு நாள் முழுவதும் நிற்பது தோலுக்கு நல்லதில்லை என்பதால் இரண்டு உறைகளாவது மாற்றி அணிய வேண்டும், விலை குறைவில்லை.

வீக்கத்தை உண்மையிலேயே கிளப்பிவிடும் ஒன்று சுமையைவிடத் தொற்று. கூடலூர், பந்தலூர் பக்கம் மழைக்காலத்தில் அட்டை ஏறும். கவாத்து வெட்டிய கிளை கீறும். நகக் கண் வெடிக்கும். சாதாரணக் கையில் இரண்டு நாளில் ஆறும் கீறல், நிணநீர் வழி குறைந்த கையில் சிவந்து சூடாகிக் காய்ச்சலாக மாறலாம். தோட்டத்துக்குப் போனால் அந்தக் கையில் நீளக் கையுறை. கீறல் பட்டதும் சோப்புப் போட்டுக் கழுவி மருந்து. சிவப்பு பரவினால் அன்றைக்கே ஆண்டிபயாடிக். மிளகாயும் மஞ்சளும் வைத்துக் கட்டிக்கொண்டு காத்திருக்க வேண்டாம்.

இதையெல்லாம் யார் சொல்லிக்கொடுப்பது? உதகையில் இப்போது அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. தோள் பயிற்சிக்கு ஒவ்வொரு முறையும் கொண்டை ஊசி வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு கோயம்புத்தூருக்கு இறங்க வேண்டியதில்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை சிகிச்சை ஒரு பகுதி. பக்கவாதம் வந்தவருக்கும் மூட்டு தேய்ந்த முதியவருக்கும் அது கிடைக்கிறது. மார்பக அறுவை முடிந்து வந்த பெண் அந்தப் பட்டியலுக்கு உரியவர் என்பது வீட்டாருக்கும் தோன்றுவதில்லை, பல நேரம் ஊழியருக்கும் தோன்றுவதில்லை. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்துக் கேட்க வேண்டும். டிஸ்சார்ஜ் ஆகும்போதே, “எந்த நாளிலிருந்து எந்தப் பயிற்சி, எவ்வளவு எடை வரை” என்று தமிழில் எழுதி வாங்கிக்கொள்வது அதைவிட முக்கியம்.

வேலைக்குத் திரும்புவதும் அப்படி எழுதி வாங்க வேண்டியதுதான். முதல் மாதம் அரை நாள், பாதிப் பை, மற்றத் தோளில் பட்டை. கத்தரி வேண்டாம், கைக் கொழுந்து மட்டும். நிறுவைக்குப் பையைச் சுமந்து போக இன்னொருவர். பெரிய தோட்டங்களில் மருத்துவரின் சீட்டைக் காட்டி இதைக் கேட்க முடியும், கேட்டால் சில இடங்களில் கிடைக்கவும் செய்கிறது. சொந்தமாக அரை ஏக்கர் தேயிலையோ கேரட்டோ வைத்திருக்கும் சிறு விவசாயி வீட்டில் மேஸ்திரி யாருமில்லை. அங்கே அந்தச் சீட்டைப் படிக்க வேண்டியவர் கணவர். கேரட் மூட்டையின் ஒரு முனையைப் பிடிக்கக் கூப்பிடுவதும் பெரும்பாலும் அவர்தான்.